பாட்டன் பெயரும் பதிவேடும்

லண்டன் மாநகரின் ஸ்ட்ராண்ட் வீதியில் 107ஆம் எண்ணுள்ள கடையொன்றில், நெத்திலி இனத்தைச் சேர்ந்த சிறு மீன்களை உப்பிலிட்டுப் பதப்படுத்தி எடுத்த ஒருவகைச் சாறு, 'பர்ஜஸ் நெத்திலிச் சாறு' என்ற பெயரோடு பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மிகுந்த கீர்த்தி பெற்று விற்பனையாகி வந்தது. அந்தக் கடைக்காரரின் மகன், தகப்பனாரிடமே சம்பளத்துக்கு இருந்து தொழிலின் நுணுக்கங்களையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு, பிரிந்துபோய்க் கிங் வில்லியம் வீதியில் தனிக்கடை வைத்தார். வைத்ததோடு நில்லாமல், அதே சாற்றை அதே 'பர்ஜஸ்' என்ற பெயராலேயே விற்கவும் தலைப்பட்டார். தகப்பனார் மகன்மேல் வியாஜ்யம் தொடுத்தார். 1853ஆம் வருஷம் அது அப்பீல் நியாயஸ்தலம் வரையில் சென்றது.

மகன் தம்முடைய கடையில், தாம் முன்பு ஸ்ட்ராண்ட் 107ஆம் எண்ணில் இருந்தவர் என்று எழுதி வைத்திருந்தார். பழைய கடைதான் இடம் மாறி வந்திருக்கிறது என்று வாங்க வருகிறவர்கள் எண்ணிவிடக்கூடும் என்பதனால், அந்த வாசகத்தைக் கீழ்க்கோர்ட்டு தடுத்துவிட்டது. ஆனால் பெயரைத் தடுக்க அது சம்மதிக்கவில்லை, மேல்கோர்ட்டும் சம்மதிக்கவில்லை. ஊறுகாயும் சாறும் செய்து விற்பது ராணியின் பிரஜைகள் எல்லாருக்கும் பொதுவான உரிமை என்றும், தகப்பன் அந்தத் தொழிலைச் செய்தான் என்பதனாலேயே மகனுக்கு அந்த உரிமை குறைந்துவிடாது என்றும், நைட் புரூஸ் என்ற நீதிபதி அபிப்பிராயப்பட்டார். பர்ஜஸ் என்பவர் நெத்திலிச் சாறு செய்தால் அதைப் 'பர்ஜஸ் நெத்திலிச் சாறு' என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? குடும்பப் பெயர் ஒன்றை வியாபாரச் சின்னமாக ஒருவர் தமக்கே உரிமையாக்கிக்கொள்ள முடியுமா என்ற கேள்வியின் சரித்திரத்தை நான் இந்த மீன்சாற்றுக் கடையிலிருந்து தொடங்குவதற்குக் காரணம், பின்னால் நூற்றைம்பது வருஷங்கள் சட்டசபைகளும் நியாயஸ்தலங்களும் பதிவு அலுவலகங்களும் வாதித்ததன் வித்து முழுவதும் இந்தத் தகப்பன் பிள்ளை வழக்கில் அடங்கியிருக்கிறது என்பதுதான்.

அந்தக் காலத்து நியாயஸ்தலங்கள் சொந்தப் பெயர்க்காரர் எது செய்தாலும் கண்ணை மூடிக்கொண்டிருந்தன என்று நினைத்துவிடக் கூடாது. 'டே அண்டு மார்ட்டின்' என்ற பெயரில் ஹை ஹோல்பர்ன் வீதி 97ஆம் எண்ணிலிருந்து வந்த பூட்ஸ் மை அந்நாளில் இங்கிலாந்து முழுவதும் பிரசித்தி பெற்றிருந்தது. அதன் முதலாளி சார்லஸ் டே காலமான பிறகு, அவருடைய உறவினரான மற்றொரு டே, மார்ட்டின் என்ற பெயருள்ள ஒருவரின் அனுமதியையும் சம்பாதித்துக்கொண்டு, ஹோல்பர்ன் ஹில் பகுதியில் 90½ஆம் எண்ணில் 'டே அண்டு மார்ட்டின்' என்றே ஒரு கடையைத் திறந்தார். அவருடைய பெயர் டே என்பதும் மெய். மார்ட்டின் என்ற ஆசாமி ஒருவர் இருந்ததும் மெய். ஆயினும் இரண்டு மெய்களைச் சேர்த்து ஒரு பொய்யைக் கட்டலாம் என்பதை லாங்டேல் பிரபு கண்டுகொண்டு, 1843இல் அந்தக் கடைக்குத் தடையுத்தரவு பிறப்பித்தார்.

ஏழு வருஷங்களுக்குப் பின் அதே நீதிபதியின் முன்னிலையில் வந்த ஹாலோவே சகோதரர்களின் வழக்கு இன்னும் மனத்தைத் தொடுவது. தாமஸ் ஹாலோவே என்பவர் ஸ்ட்ராண்ட் வீதி 244ஆம் எண்ணில் மாத்திரையும் களிம்பும் விற்று, விளம்பரத்துக்கென்றே அக்காலத்தில் எவரும் கனவிலும் கருதாத அளவு பணத்தை இறைத்து, தம் பெயரைத் தேசாந்தரங்களிலெல்லாம் பரப்பியவர். பிற்காலத்தில் பெண்களுக்கென்று அவர் கட்டிய பெருங்கல்லூரியை விக்டோரியா மகாராணியே வந்து திறந்து வைத்தார். அவருடைய சகோதரர் ஹென்றி, அதே வீதியில் 210ஆம் எண்ணில் இடம் பிடித்து, 'எச். ஹாலோவேயின் மாத்திரையும் களிம்பும்' என்று, அண்ணன் தம்பிக்குள் வித்தியாசம் தெரியாதபடி டப்பிகளையும் சீட்டுகளையும் அமைத்துக்கொண்டு வியாபாரம் தொடங்கினார். ஹென்றிக்குத் தம் பெயரில் வியாபாரம் செய்யும் உரிமை உண்டு, சகோதரரின் சரக்கு என்று ஜனங்கள் மயங்கும்படி அதைச் செய்ய உரிமையில்லை என்று தீர்ப்பாயிற்று.

இந்த மூன்று வழக்குகளையும் சேர்த்து வாசிக்கும்போது ஒன்று தெளிவாகிறது. நியாயஸ்தலம் அன்று கேட்ட கேள்வி, 'இந்த மனிதர் இந்தக் காரியத்தில் ஏமாற்றினாரா?' என்பதே. வாதியும் பிரதிவாதியும் எதிரெதிரே நின்றார்கள். டப்பியும் சீட்டும் மேஜைமேல் இருந்தன. நடந்ததைப் பார்த்து நியாயம் சொன்னார்கள். பெயர் யாருடைய சொத்து என்ற கேள்வி எழவேயில்லை, எழ வேண்டிய அவசியமும் இல்லை. பதிவேடு என்ற ஒன்று வந்த பிறகுதான் விஷயத்தின் ஸ்வரூபமே மாறியது.

இங்கிலாந்தில் 1875ஆம் வருஷம் வியாபாரச் சின்னங்களைப் பதிவு செய்வதற்கென்று ஒரு சட்டம் இயற்றப்பட்டு, 1876 ஜனவரி முதல் பதிவேடு திறக்கப்பட்டது. அதில் முதலாவதாக ஏறியது பாஸ் கம்பெனியின் பீர்ப் புட்டியில் ஒட்டப்படும் சிவப்பு முக்கோணம். பாஸ் என்பதும் ஒரு குடும்பப் பெயர்தான். பர்ட்டன் நகரத்தில் அந்த மதுவாலையைத் தொடங்கியவரின் பெயர். ஆனால் பதிவேட்டின் முதல் ஏட்டிலே கண்ணைக் கவர்ந்து நிற்பது அந்த முக்கோணமே. முக்கோணத்தோடு எந்தக் குழந்தையும் பிறப்பதில்லை, பெயரோடு பிறக்கிறது. இந்தச் சாதாரண உண்மையை அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் நன்றாக உணர்ந்திருந்தார்கள் என்பதற்கு, பெயரைப் பற்றி அவர்கள் விதித்த நிபந்தனையே சாட்சி. தனி மனிதரின் பெயரோ வியாபார ஸ்தாபனத்தின் பெயரோ பதிவாக வேண்டுமானால், அது ஒரு பிரத்தியேகமான தோரணையில் அச்சிடப்பட்டோ, அழுத்திப் பதிக்கப்பட்டோ, துணியில் நெய்யப்பட்டோ இருக்க வேண்டும்; அல்லது கையெழுத்தாக இருக்க வேண்டும். பெயரின் ஓசை எல்லாருக்கும் பொது, அதை எழுதும் விதத்தை மட்டும் உனக்கென்று வைத்துக்கொள் என்பதுதான் இதன் தாத்பரியம்.

டப்பிகளின்மேலும் புட்டிகளின்மேலும் முதலாளியின் கையெழுத்து ஓடுவதை நாம் இன்றும் பார்க்கிறோமே, அந்த வழக்கத்துக்கு இந்த விதி நல்ல ஊட்டம் கொடுத்தது. கையெழுத்து ஒருவனுடைய கை செய்த காரியம். அதே பெயருள்ள இன்னொருவன் எழுதினால் சுழியும் வளைவும் வேறாகத்தான் விழும். சட்டம் வேறாக இருந்த அமெரிக்காவிலும் டபிள்யூ. கே. கெலாக் என்பவர் சோளச் செதில்களை 1906இல் விற்கத் தொடங்கியபோது, தம் கையெழுத்து இல்லாத பெட்டி அசல் அன்று என்று பெட்டியின்மேல் அச்சிட்டு, அந்தக் கையெழுத்தையே கொடியாகப் பிடித்தார். அவருக்கு எதிராக நின்றவரும் அயலார் அல்லர். சொந்த அண்ணனாகிய டாக்டர் ஜான் ஹார்வி கெலாக். சகோதரர்களுடைய வழக்கு மிச்சிகன் மாகாணத்து உச்ச நீதிமன்றம் வரை போய், 1920இல் தம்பிக்குச் சாதகமாக முடிந்தது. ஹாலோவே வீட்டில் நடந்தது எழுபது வருஷங்களுக்குப் பின் சமுத்திரத்துக்கு அப்பால் மறுபடியும் நடந்தது என்றே சொல்ல வேண்டும்.

கையெழுத்தோடும் அலங்கார எழுத்தோடும் வியாபாரிகள் திருப்தியடைந்துவிடவில்லை. வெறும் பெயரே, எப்படி எழுதினாலும், எவர் வாயால் சொன்னாலும், தங்களுக்கே உரியதாக வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். அந்த ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். ஐம்பது வருஷம் ஒரு பெயரைச் சரக்கின்மேல் போட்டு, மோசமான சரக்கு ஒன்றுகூட வெளியே போகாமல் காத்து வந்தவனுக்கு, அந்தப் பெயர் பெற்றோர் இட்ட பெயர் மட்டுமாக இராமல், அவன் தானே உண்டாக்கிய ஒரு பொருளாகவும் ஆகிவிடுகிறது. 1905ஆம் வருஷத்துச் சட்டம் இந்த ஆசைக்கு ஒரு சிறு வழி திறந்துவிட்டது. சாதாரண வழக்கில் குடும்பப் பெயராகவோ ஊர்ப்பெயராகவோ விளங்கும் சொல் பதிவுக்குத் தகுதியற்றது என்ற பொதுவிதியை வைத்துக்கொண்டே, வர்த்தக போர்டாவது நியாயஸ்தலமாவது விசேஷ உத்தரவு கொடுத்தால், அப்படிப்பட்ட சொல்லையும் தனித்தன்மை உள்ளதாக ஏற்கலாம் என்று அது சொல்லியது.

இந்த வழியில் நுழைய முயன்றவர்களுள் இருவரை 1913ஆம் வருஷத்து வழக்குத் தொகுதிகளில் அடுத்தடுத்துக் காணலாம். இருவரும் புகையிலை வியாபாரிகள் என்பது ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு வசதியாக அமைந்தது. ஆர். ஜே. லீ என்ற கம்பெனியார் 'போர்ட்மன்' என்ற குடும்பப் பெயரைப் பதிய விரும்பினார்கள். இங்கிலாந்தில் போர்ட்மன்கள் பலர். நாளைக்கே மற்றொரு போர்ட்மன் சுருட்டுக் கடை வைக்கலாம். அவருக்கு முன்கூட்டியே கதவை அடைப்பது தகாது என்ற எண்ணம் மேலோங்கி, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. 'தியோபானி' என்ற பெயருக்கு வேறு கதி கிடைத்தது. அதுவும் குடும்பப் பெயரே. ஆனால் இங்கிலாந்து மண்ணில் அபூர்வமான அந்நியப் பெயர். அந்தப் பெயருடைய இரண்டாவது சிகரெட் வியாபாரி ஒருவர் தோன்றுவார் என்று பயப்பட நியாயமில்லாததால், அது பதிவேட்டில் இடம் பெற்றது. பெருங்கூட்டமான குடும்பத்தில் பிறந்தவனுக்குப் பெயர் கிடைக்கவில்லை, தனியே வந்து குடியேறியவனுக்குக் கிடைத்தது.

அதே வருஷத்தில் பிரபுக்கள் சபையில் தீர்ப்பான மற்றொரு வழக்கு, பெயரைப் பற்றியது அன்று, பெயரின் தலைப்பெழுத்துகளைப் பற்றியது. லண்டனில் வாடகை மோட்டார் வண்டிகள் ஓட்டிய டு குரோ கம்பெனியார், தங்கள் வண்டிகளின்மேல் எழுதியிருந்த 'டபிள்யூ', 'ஜி' என்ற இரண்டெழுத்துகளைப் பதிய வேண்டினார்கள். எழுத்துகள் ஊருக்குப் பொது என்று சபை மறுத்துவிட்டது. அந்த வழக்கில் பார்க்கர் பிரபு வகுத்த சோதனை, இன்றளவும் நம் தேசத்து நியாயஸ்தலங்கள் உட்பட எங்கும் எடுத்தாளப்படுகிறது. ஒரு குறியைப் பதியலாமா என்று பார்க்கும்போது, பிற வியாபாரிகள் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல், தங்கள் தொழிலின் சாதாரணப் போக்கில், அதே குறியையோ அதையொத்த ஒன்றையோ தங்கள் சரக்கின்மேல் போட விரும்பக்கூடுமா என்பதைப் பார்க்க வேண்டும் என்றார் அவர்.

இந்தச் சோதனையின் பெருமையை எண்ணி எண்ணி நான் வியந்ததுண்டு. ஏனெனில், பர்ஜஸ் வழக்கில் மகன் நேரில் நின்று தன் பக்கத்தைச் சொல்ல முடிந்தது. பதிவேட்டின் முன்னால் நிற்பவரோ விண்ணப்பக்காரர் ஒருவர்தான். பதினைந்து வருஷம் கழித்துக் கடை வைக்கப் போகிற மற்றொரு போர்ட்மன், அன்று தொட்டிலில் இருக்கலாம், பிறக்காமலும் இருக்கலாம். அவனுக்கு வக்கீல் இல்லை, நோட்டீசு போவதில்லை, அவன் உரிமை பறிபோகிறது என்பது அவனுக்கே தெரியாது. அந்த வராத மனிதனுக்காக யோசிக்க வேண்டிய கடமை பதிவாளர் தலையில் விழுகிறது. குடும்பப் பெயர்களைப் பதிய மறுத்த அந்தப் பழைய அதிகாரிகளை வியாபாரத்தின் அருமை தெரியாத கர்நாடகப் பேர்வழிகள் என்று பின்னாள் எழுத்தாளர்கள் சிலர் பேசுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. வராதவனுடைய உரிமையை வந்தவனுடைய செல்வாக்குக்கு எதிரே நிறுத்தி எடை போட்ட தர்மபுத்தி அது.

பிற்பாடு வந்த ஏற்பாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1919இல் பதிவேடு இரண்டு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, முழுத் தகுதி பெறாத குறிகளுக்கு இரண்டாம் பகுதியில் சற்றுக் குறைந்த பாதுகாப்போடு இடம் தரப்பட்டது. குடும்பப் பெயர்கள் பல அந்த வழியாக உள்ளே வந்தன. 1938ஆம் வருஷத்துச் சட்டமும் இந்த அமைப்பைத் தொடர்ந்தது. பதிவேட்டுக்கு வெளியேயும் விஷயம் வளர்ந்தது. ஷெபீல்டு நகரத்தில் கத்தி செய்யும் ஜோசப் ராட்ஜர்ஸ் கம்பெனியார், அதே குடும்பப் பெயருள்ள வேறொரு கம்பெனியின்மேல் தொடுத்த வழக்கில், நீதிபதி ரோமர் 1924இல் ஒரு நுட்பமான வித்தியாசத்தைக் காட்டினார். தன் சொந்தப் பெயரில் யோக்கியமாகக் கடை நடத்துகிறவனை, அதனால் கொஞ்சம் குழப்பம் வந்தாலும் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் தன் பெயரைச் சரக்கின்மேல் பொறித்து, அது மற்றவனுடைய சரக்கு என்று எண்ணப்படுமானால், 'என் பெயர்தானே' என்ற சமாதானம் அங்கே செல்லாது. கடைப் பலகை ஓரிடத்தில் நிற்பது. அதன் கீழே மனிதன் உட்கார்ந்திருக்கிறான், கேட்டால் பதில் சொல்வான். கத்தியோ கடல் கடந்து போய், பெயரை எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாதவன் கையிலும் சேரும்.

நம் வீடுகளில் பாட்டிமார் காலத்திலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் சிங்கர் தையல் மெஷினுக்கும் இந்தச் சரித்திரத்தில் இடமுண்டு. சிங்கர் என்பது ஐசக் சிங்கர் என்ற மனிதரின் குடும்பப் பெயர். மெஷினின் பேடண்டுகள் காலாவதியான பிறகு, அதே மாதிரி மெஷினைப் பிறரும் செய்து அதே பெயரால் அழைக்கலாமா என்ற வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1896இல், அந்தப் பெயர் ஒரு மாதிரி மெஷினுக்கே பொதுப்பெயராகிவிட்டதென்றும், ஆகையால் பிறரும் வழங்கலாமென்றும், ஆனால் செய்தவர் யார் என்பதைச் சந்தேகத்துக்கு இடமின்றிக் காட்ட வேண்டுமென்றும் தீர்ப்புச் சொல்லியது. அந்தத் தேசத்தில் 1946இல் வந்த லான்ஹம் சட்டமும், பெரும்பாலும் வெறும் குடும்பப் பெயராகவே தோன்றும் சொல்லை, நீண்ட உபயோகத்தால் அது தனித்தன்மை பெற்றது என்று நிரூபித்தாலொழியப் பதிவதில்லை.

ஒரு பெயர் சாதாரணமா, அபூர்வமா என்பதை எதைக்கொண்டு தீர்மானிப்பது? லண்டன் பதிவு அலுவலகத்தார் கண்ட உபாயம் டெலிபோன் டைரக்டரி. விண்ணப்பம் வந்ததும் பரிசோதகர் அந்தத் தடித்த புத்தகத்தைப் பிரித்து, அந்தக் குடும்பப் பெயர் எத்தனை தடவை வருகிறதென்று விரலால் எண்ணுவார். எண்ணிக்கை குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் பெயர் சாதாரணம், தாண்டாவிட்டால் அபூர்வம். பார்வைக்கு இது முரட்டு முறையாகத் தோன்றினாலும், அந்தப் புத்தகத்தின் ஒவ்வொரு வரியிலும் ஒரு வீடும் ஒரு மனிதனும் இருந்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. வராத மனிதர்களைக் கூப்பிட்டு எண்ணுவதற்கு அதைவிடக் கைக்கெட்டிய வேறு வழி அந்த அதிகாரிகளுக்கு இல்லை.

இந்த எண்ணும் முறைக்கு முடிவு கட்டியது 'நிகல்ஸ்' என்ற பெயர். ஜான் நோயல் நிகல்ஸ் என்பவர் 1908இல் மான்செஸ்டரில் பழச்சாறும் மூலிகையும் சேர்த்த ஒரு பானத்தை உண்டாக்கி, அதற்குத் தம் பெயரை இடாமல், பின்னர் 'விம்டோ' என்று புதுச்சொல் ஒன்றைச் சூட்டினார்; இந்தியாவிலும் வழங்கிய பானம் அது. அகராதியில் இல்லாத சொல்லாகையால், அதே பெயருள்ள இன்னொருவன் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. சுமார் நூறு வருஷங்களுக்குப் பின் அவர் பெயரால் விளங்கும் கம்பெனி, 'நிகல்ஸ்' என்ற குடும்பப் பெயரையே காசு போட்டால் பொருள் தரும் மெஷின்களுக்கும், அவற்றில் விற்கும் உணவு பானங்களுக்கும் பதிய விரும்பியது. மெஷின்களுக்குச் சம்மதித்த அலுவலகம், டைரக்டரியில் அந்தப் பெயர் மலிந்து கிடப்பதைக் காட்டி, உணவு பானங்களுக்கு மறுத்தது. வழக்கு லக்ஸம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போயிற்று. 2004 செப்டம்பர் 16ஆம் தேதி அந்த மன்றம், குடும்பப் பெயர்களுக்கென்று கடுமையான தனி அளவுகோல் வைக்கக்கூடாது, இத்தனை பேருக்கு மேல் அந்தப் பெயர் இருந்தால் பதிவில்லை என்று கணக்குப் போடுவது தவறு, மற்ற எந்தக் குறியையும் போலவே இதையும் வாங்குவோர் கண்கொண்டு பார்க்க வேண்டும் என்று தீர்மானித்தது. யோக்கியமாகத் தன் பெயரை வழங்குகிறவனுக்குச் சட்டத்தில் வேறிடத்தில் பாதுகாப்பு இருக்கிறதே என்பதும் வாதத்தில் எழுந்தது. அது பதிவுக்குப் பின்னால் வரும் சங்கதி, பதியலாமா என்று ஆராய்வதில் அதற்கு வேலையில்லை என்று மன்றம் ஒதுக்கிவிட்டது.

தர்க்கத்தில் குற்றம் காண்பது அரிதுதான். ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. முன்பு வராத மனிதனுக்காகப் பதிவாளர் வாசலிலேயே நின்று யோசித்தார். இப்போது அவன் கடை வைத்து, வக்கீல் நோட்டீசு வாங்கி, கோர்ட்டுக்குப் போய், தன் பெயர் தன்னுடையதுதான் என்று தானே நிரூபித்துக்கொள்ள வேண்டும். சிறு முதலில் கடை வைக்கிறவன் நோட்டீசைக் கண்டதுமே பலகையை இறக்கிவிடுவான்.

நம் தேசத்துக்கு இந்தச் சட்டம் வந்தபோது ஒரு விசித்திரமான சங்கடம் அதற்கு நேர்ந்தது. இங்கிலீஷ்காரர்கள் குடும்பப் பெயர் என்று எதைக் கருதினார்களோ அது தமிழர்களில் பெரும்பாலோரிடம் கிடையாது. நமக்கு இருப்பது தகப்பனார் பெயரின் தலைப்பெழுத்தும், சில வேளை ஊரின் தலைப்பெழுத்தும், பெற்றோர் இட்ட பெயரும். பழைய வழக்கப்படி கடைசியில் ஐயர், முதலியார், செட்டியார், பிள்ளை, நாடார் என்ற ஜாதிப்பட்டமும். தென்னாட்டு வியாபாரிகள் வழிவழியாகத் தங்கள் கடைக்கும் சரக்குக்கும் இட்டுவந்த அடையாளம் இந்தக் கலவைதான். மதுரையில் பஸ் தொழிலைத் தொடங்கிய டி. வி. சுந்தரம் ஐயங்காரின் தலைப்பெழுத்துகள் மூன்று, இன்று அவரை அறியாதவர் வாயிலும் ஒரே சொல்லாக உருள்கின்றன.

1940இல் இயற்றப்பட்டு 1942 முதல் அமலுக்கு வந்த முதலாவது இந்திய வியாபாரச் சின்னச் சட்டம், இங்கிலாந்தின் 1938ஆம் வருஷத்துச் சட்டத்தை ஒட்டியே எழுதப்பட்டது. பின்பு, சென்னை ஹைக்கோர்ட்டு நீதிபதியாயிருந்த ராஜகோபால ஐயங்கார் இந்தச் சட்டத்தை ஆராய்ந்து 1955இல் கொடுத்த அறிக்கையைத் தழுவி, 1958ஆம் வருஷத்துச் சட்டம் பிறந்தது. அதன் 9ஆம் பிரிவை இன்று எடுத்து வாசித்தாலும், நம் தேசத்தை அறிந்த கை எழுதியது என்பது புலனாகும். ஊர்ப்பெயரும் குடும்பப் பெயரும் பதிவுக்கு ஆகா என்ற பழைய வாசகத்தோடு, ஆளின் சொந்தப் பெயரும் அதன் வழக்கமான சுருக்கமும் ஆகா என்றும், இந்தியாவிலுள்ள எந்த மதப்பிரிவு, ஜாதி, பழங்குடியின் பெயரும் ஆகா என்றும் அதில் கண்டிருக்கிறது. சாதாரண வழியில் ஆகா என்றுதான் பொருள்; தனித்தன்மையை நிரூபித்தால் வேறு பேச்சு.

ஜாதிப்பெயரைப் பற்றிய அந்தச் சில சொற்களை நான் மிகவும் மதிக்கிறேன். பலகாரக் கடைக்கோ ஊறுகாய்க்கோ ஒரு சமூகத்தின் பெயரை ஒருவர் பதிந்துகொண்டுவிட்டால், லக்ஷக்கணக்கான ஜனங்கள் தங்கள் பெயரைத் தாங்கள் வழங்க அவரிடம் அனுமதி கேட்க வேண்டியதாகும். 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மகாநாடு ஜாதிப்பட்டங்களை விட்டொழிக்கத் தீர்மானித்து, நம்மவர் பெயர்களிலிருந்து அவை படிப்படியாக உதிர்ந்துவிட்டன. கடைப் பலகைகளிலோ அவை இன்னும் தங்கியிருக்கின்றன. மனிதர்கள் துறந்த பட்டத்தைப் பலகை துறக்காததற்குக் காரணம், அங்கே அது வியாபாரத்தின் பழைமையைச் சொல்கிறது என்பதே. 2003 முதல் அமலிலுள்ள 1999ஆம் வருஷத்துச் சட்டத்தில் இந்த வாசகங்கள் இல்லை. தனித்தன்மை அற்ற குறியைப் பதியக்கூடாது என்ற பொதுவிதிக்குள் எல்லாவற்றையும் அடக்கிவிட்டார்கள். பெயரை எடுத்துச் சொன்ன சட்டத்துக்கும் சொல்லாமல் அடக்கிய சட்டத்துக்கும் பயனில் வித்தியாசம் குறைவு என்பார்கள். எடுத்துச் சொன்னதே மேல் என்பது என் எண்ணம்.

குடும்பப் பெயர் ஊர்ப்பெயராகவே மாறிவிட்ட உதாரணம் ஒன்று நம் சென்னையில் கண்ணெதிரே நிற்கிறது. 1788இல் சென்னைக்கு வந்து வியாபாரம் தொடங்கிய வேல்ஸ் தேசத்து தாமஸ் பாரி, 1824இல் பரங்கிப்பேட்டையில் காலரா கண்டு இறந்துபோனார். அவருடைய கம்பெனிக் கட்டடம் நின்ற முனை பாரி முனை ஆயிற்று. பஸ்ஸில் 'பாரீஸ் ஒண்ணு' என்று டிக்கெட்டு கேட்கிறவர்களில் எத்தனை பேர் அது ஒரு மனிதரின் பெயர் என்று நினைப்பார்கள்? சட்டம் வெவ்வேறாக வைத்த இரண்டு விலக்குகளும் அந்தத் தெருமுனையில் ஒன்றாய்க் கலந்து நிற்கின்றன.

நீண்ட உபயோகத்தால் பெயர் ஒருவருக்கே உரியதாகிவிடும் என்பதை நம் உச்ச நீதிமன்றமும் 2001இல், 'மஹிந்திரா' என்ற பெயரைப் பற்றிய வழக்கில் ஒப்புக்கொண்டது. குஜராத்தில் மஹேந்திரா என்ற பெயரோடு காகித ஆலை வைத்தவர்கள், அது தங்களுடைய பெயர் என்று சொன்னது செல்லவில்லை. பல பத்தாண்டுகளாக அந்தப் பெயர் ஜனங்கள் மனத்தில் ஒரு ஸ்தாபனத்தோடு ஒட்டிப்போய்விட்டது என்றது மன்றம். இதற்கு மறுபுறத்தில், சட்டத்தின் 35ஆம் பிரிவு, ஒருவன் தன் சொந்தப் பெயரையோ, தன் தொழிலைத் தனக்கு முன் நடத்தியவரின் பெயரையோ, நேர்மையாக வழங்குவதில் பதிவு பெற்றவர் தலையிட முடியாது என்று காப்பு அளிக்கிறது. பர்ஜஸின் மகன் பெற்ற தீர்ப்பின் ஜீவன் இந்தப் பிரிவில்தான் இன்னும் மிஞ்சியிருக்கிறது.

பெயரை விற்றுவிட்டவரின் கதியையும் சொல்லாமல் விட மனமில்லை. 1981இல் டயானா இளவரசியின் மணவுடையைக் கணவரோடு சேர்ந்து தைத்துக் கொடுத்தவர் எலிசபெத் இமானுவேல் என்ற அம்மையார். பின்னாளில் அவர் தம் தொழிலை, தம் பெயரிலுள்ள சின்னத்தோடு சேர்த்து ஒரு கம்பெனிக்கு மாற்றிக் கொடுத்தார். அது கைமாறிக் கைமாறி, அவருக்கு ஒரு சம்பந்தமும் இல்லாதவர்களிடம் போய்ச் சேர்ந்தது. அவர் தைக்காத உடைக்கு அவர் பெயரைப் போடுவது ஜனங்களை ஏமாற்றுவதாகாதா என்ற கேள்விக்கு, 2006இல் ஐரோப்பிய நீதிமன்றம், அந்தக் காரணம் ஒன்றைக் கொண்டே சின்னத்தை மறுக்க முடியாது என்று விடை கூறியது. பதிவேட்டில் ஏறிய பெயர் சொத்து, சொத்து விலையாகும். பெயரோடு பிறந்தவர் மட்டும் அந்தப் பெயரை வேறெங்கும் வைத்துவிட்டுப் போக முடியாது.

எங்கள் ஊர்க் கடைவீதியில் லேகியமும் சூரணமும் விற்கும் கடைகள் இரண்டு, நடுவில் ஒரே ஒரு பாத்திரக் கடையை இடையிட்டு நிற்கின்றன. ஒரு தகப்பன் மக்கள் பாகம் பிரித்துக்கொண்டபோது உண்டான கடைகள். இரண்டு பலகைகளிலும் ஒரே பெயர். இரண்டிலும் அதன் கீழே, 'எங்களுக்கு வேறு கிளைகள் கிடையாது' என்ற வரி. உள்ளே போனால் இரண்டு கடைகளிலும் கல்லாவுக்கு மேலே, தலைப்பாகை கட்டிய அதே கிழவரின் அதே படம், சந்தனப் பொட்டும் சம்பங்கி மாலையுமாக இருக்கிறது. ஒரு கடையின் டப்பாவில் அவருடைய நடுங்கும் கையெழுத்தை அச்சிட்டு, 'ரிஜிஸ்டர்டு' என்று போட்டிருக்கிறார்கள். மற்றக் கடையின் டப்பாவில் அவருடைய முகம். பாட்டன் பெயரை இடுவதனாலேயே பேரன் என்ற சொல்லே தமிழில் வந்தது, பெயரன்தான் பேரன். சென்ற தை மாதம் ஜலதோஷத்துக்கு மருந்து வாங்கப் போயிருந்தேன். மூத்தவர் கடையில் பொட்டலம் கட்டிக்கொடுத்த பையனின் பெயரைக் கேட்டேன். பலகையில் இருந்த பெயரைச் சொன்னான். அடுத்த கடையில் சில்லறை மாற்றப் போனபோது, திண்ணையில் பாடப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த சிறுவனை உள்ளிருந்து யாரோ கூப்பிட்டார்கள். அவனுக்கும் அதே பெயர்தான்.